மூலனூர் அத்தைக்கு வைத்த பத்திரிகை

என் கண்ணு,

கல்யாணம் நிச்சயமாகியிருக்கிற மகனுக்கு எழுதும்போது வாழ்த்தில்தான் தொடங்க வேண்டும். எனக்கு முதலில் திட்ட வேண்டியிருக்கிறது. வாழ்த்து பின்னால் வரும், பொறுத்துக்கொள். நீ எனக்கு ஓர் அநியாயம் செய்துவிட்டாய். இருபது வருஷமாக நான் ஒரு பகையைக் கண்ணும் கருத்துமாக வளர்த்து வைத்திருந்தேன். காலையில் பல் விளக்கும்போது அதை ஒருமுறை நினைத்துக்கொண்டால் போதும், அன்றைக்குக் கை கால் சுறுசுறுப்பாக ஓடும். சர்க்கரையும் மூட்டுவலியும் வந்துவிட்ட இந்த வயதில் எனக்கென்று மிச்சமிருந்த தெம்பு அது ஒன்றுதான். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பத்திரிகை அடிக்கிற விஷயமாகப் பேச வேண்டும் என்று போன் செய்து, அரை மணி நேரத்தில் அதைப் பிடுங்கிக்கொண்டாய். போனில் எனக்கு வாதாட வராது. பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக முப்பத்தைந்து வருஷம் வாயை மூடிக்கொண்டு துணி வெட்டிப் பழகியவன். அதனால் எழுதுகிறேன். நிதானமாகப் படி. பாதியில் நிறுத்திவிட்டு அம்மாவுக்குப் போன் செய்யாதே.

நீ சின்னப் பையனாக இருந்த காலத்திலிருந்து நான் சொல்லி வந்த கதையை இன்னொரு தடவை, சொன்ன மாதிரியே சொல்கிறேன். உன் தங்கச்சி கவிதா அப்போது அம்மாவின் வயிற்றில் ஐந்து மாதம். உனக்கு மூன்று வயது. மாரியம்மன் நோம்பிக்கு மூலனூரிலிருந்து என் தங்கச்சி, அதாவது உன் அத்தை, தன்னுடைய ஐந்து வயது மகளைக் கூட்டிக்கொண்டு நம் வீட்டுக்கு வந்தாள். வந்த மறுநாளே அந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல் அடித்து உடம்பெல்லாம் அம்மை போட்டுவிட்டது. ஒன்பது நாள் நம் வீட்டிலேயே, நாம் எல்லோரும் படுக்கிற ஒரே அறையில், வேப்பிலைப் படுக்கையில் கிடந்தது. உன் அம்மா வயிற்றைத் தாங்கிக்கொண்டு அதற்கும் கூழ் கரைத்துக் கொடுத்தாள். பிறகு கவிதா பிறந்தாள். நன்றாகத்தான் இருந்தாள். மூன்று வயது ஆகும்போது கூப்பிட்டால் திரும்பவில்லை. கோயமுத்தூரில் ஒரு பெரிய டாக்டர் காதைச் சோதித்துவிட்டு இரண்டு காதும் போய்விட்டது என்றார். கர்ப்பமாக இருந்தபோது வீட்டில் யாருக்காவது அம்மை வந்ததா என்று கேட்டார். வரிசையாக அவர் கேட்ட பத்துக் கேள்விகளில் அதுவும் ஒன்று. எனக்கு அந்த ஒன்றே போதுமானதாக இருந்தது. பஸ் ஏறித் திருப்பூரில் இறங்குவதற்குள் என் தங்கச்சியை நான் தலைமுழுகிவிட்டேன்.

அதற்குப் பிறகு நான் செய்ததெல்லாம் உனக்குத் துண்டு துண்டாகத் தெரியும். அவள் போட்ட கடுதாசியைப் பிரிக்காமல் திருப்பி அனுப்பினேன். அந்தப் பிள்ளை பெரியவளானபோது தாய்மாமன் சீர் கொண்டு போகவில்லை. பந்தலில் என் இடத்தில் யாரோ ஒரு தூரத்துச் சொந்தக்காரனை நிறுத்திச் சமாளித்தார்களாம். அதைக் கேட்டு அன்றைக்கு இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டேன். அந்தப் பிள்ளையின் கல்யாணத்துக்குப் பத்திரிகை வந்தது. அதை நான்காக மடித்து, என் கட்டிங் டேபிளின் ஆடிக்கொண்டிருந்த காலுக்கு அடியில் வைத்தேன். டேபிள் ஆடாமல் நின்றது. ஆறு வருஷம் அதன் மேல்தான் துணி வெட்டினேன். இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது என்று சொன்னால் நீ சந்தோஷப்படுவாய். வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த ஆறு வருஷமும் நன்றாக இருந்தது என்பதும் உண்மை.

பழி வாங்குவதில் எனக்கு இயல்பாகவே ஒரு கைவாகு உண்டு, உனக்குத் தெரியும். கவிதாவைச் சேர்த்துக்கொள்ள முடியாது, மற்ற பிள்ளைகள் படிப்பு கெட்டுவிடும் என்று ஒரு பள்ளிக்கூடத்து ஹெட்மிஸ்ட்ரஸ் சொன்னாரே, நினைவிருக்கிறதா? நாலு வருஷம் கழித்து அதே அம்மா விளையாட்டு விழாவுக்குப் பனியன் தைக்க நான் வேலை பார்த்த கம்பெனிக்கே வந்தார். என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. நான் கழுத்தை மட்டும் முக்கால் அங்குலம் சிறிதாக வெட்டினேன். விழா அன்றைக்கு வேலிக்கு வெளியே நின்று பார்த்தேன். பிள்ளைகள் தலையை நுழைக்க முடியாமல் காது சிவந்து அழுதுகொண்டிருந்தன. அந்த அம்மா மேடையில் மாலையோடு உட்கார்ந்து முறுக்குத் தின்றுகொண்டிருந்தார். யாரைக் குறி வைத்தேன், யாருக்குப் போய் விழுந்தது என்று அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். அடுத்த தடவை இன்னும் சரியாகக் குறி பார்க்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு வீடு திரும்பினேன்.

இப்போது உன் கினிப்பன்றிகளுக்கு வருகிறேன். போன வருஷம் பெங்களூருக்கு வந்தபோது உன் வேலையிடத்தைக் காட்டினாய். உன் அம்மா வாயில்லா ஜீவன்களைப் பார்க்க மாட்டேன் என்று கேட்டுக்கு வெளியே மர நிழலில் உட்கார்ந்துகொண்டாள். எனக்கு நீல அங்கி மாட்டி, காலுக்கு உறை போட்டு, உள்ளே கூட்டிப் போனாய். எலி என்றுதான் நினைத்திருந்தேன். முயல் குட்டியின் உருவத்தில், வாலில்லாமல், காதை விரித்துக்கொண்டு வைக்கோலைக் கொறித்தன. எல்லாம் கர்ப்பிணிகள். இதை வைத்து என்ன செய்கிறீர்கள் என்று கேட்டேன். தாய்க்கு வருகிற வைரஸ் வயிற்றுப் பிள்ளைக்கு எப்படிப் போகிறது என்று பார்க்கிறோம் என்றாய். எலிக்குக் கொடுத்தால் தாயோடு நின்றுவிடுகிறது, நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குட்டிக்குப் போவதில்லை. கினிப்பன்றியின் நஞ்சுக்கொடி மனுஷியுடையதைப் போல இருப்பதால் தாண்டிப் போகிறது என்று விளக்கினாய். மனுஷனுக்கு வருகிற வைரஸ் இதற்கு ஒட்டாது, அதே குடும்பத்தில் இதற்கென்று வேறொன்று இருக்கிறது என்றாய். ஒவ்வொரு ஜீவனுக்கும் அதற்கென்று ஒரு பங்காளி போலிருக்கிறது என்றேன். நீ சிரித்தாய். பிறக்கும்போதே மயிரோடும் திறந்த கண்ணோடும் பிறந்து அன்றைக்கே ஓடுகிற குட்டிகளைக் காட்டினாய். மயக்க மருந்து கொடுத்துத் தலையில் ஒயர் மாட்டி அவற்றுக்குக் காது கேட்கிறதா என்று பார்ப்போம் என்று நீ சொன்னாய். கோயமுத்தூரில் கவிதா தலையிலும் அப்படித்தான் மாட்டினார்கள்.

அந்த அறையில் இரண்டு வரிசை கூண்டு இருந்தது. வலது பக்கம் இருந்தவற்றுக்கு வைரஸ் ஊசி, இடது பக்கம் இருந்தவற்றுக்கு வெறும் உப்புத் தண்ணீர் ஊசி. அதே தீனி, அதே தண்ணீர், அதே வெளிச்சம், அதே வயிறு. நீ சொல்லியிராவிட்டால் எந்த வரிசை எது என்று எனக்குத் தெரிந்திருக்காது. நோயே கொடுக்காத ஒரு வரிசையை இவ்வளவு பாடுபட்டு எதற்கு வளர்க்கிறாய், வேலை மெனக்கேடுதானே என்று கேட்டேன். நீ கூண்டைத் துடைத்துக்கொண்டே சொன்னாய்: "அந்த வரிசை இல்லீன்னா, குட்டிக்கு என்ன ஆனாலும் வைரஸ் மேலயே பழியப் போட்டுருவோங்கப்பா." நீ யாரையும் குத்திச் சொல்லவில்லை. வேலையைப் பற்றித்தான் சொன்னாய். நானும் தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்து உன் அம்மாவோடு காபி குடித்தேன். அப்போதே நீ என்னைப் பற்றி ஒரு முடிவுக்கு வந்திருந்தாய் என்பது போன மாதம்தான் தெரிந்தது.

போனில் நீ கேட்டது ஒன்றுதான். பத்திரிகையில் அத்தை பெயர் வர வேண்டும், நான் நேரில் போய் அழைக்க வேண்டும். நான் முடியாது என்றேன். அப்போதுதான் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாய். அந்தப் பிள்ளைக்கு வந்தது நீர் கோத்த கொப்புளம், நெற்றியில் தழும்பு விட்டுப்போன அம்மை. அது இப்படிப் பிறந்து மூன்று வருஷம் கழித்துக் காதை எடுக்கிற ஜாதி இல்லை. அதோடு அம்மாவுக்குச் சிறு வயதிலேயே அதே அம்மை போட்டிருக்கிறது, தாடையில் தழும்பு இருக்கிறது, அவளுக்கு அது மறுபடி வந்திருக்க வாய்ப்புக் குறைவு. பிறந்தபோது நன்றாகக் கேட்டு, கம்பெனிச் சங்கு ஊதினால் திரும்பிப் பார்த்து, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் காது போனது என்றால், அது நீ கூண்டில் வைத்துப் பார்க்கிற குடும்பத்து வைரஸின் வேலையாகத்தான் அதிகமும் இருக்கும் என்றாய். இத்தனை வருஷம் கழித்து ரத்தத்தில் பார்த்துச் சொல்ல முடியாது, ஆனால் அத்தை மகள் மேல் பழி போட எந்த முகாந்திரமும் இல்லை என்றாய். சரி, பிறகு உன் அம்மாவுக்கு அது எங்கிருந்துதான் வந்தது என்று கத்தினேன். அந்த வைரஸ் சின்னப் பிள்ளைகளின் எச்சிலிலும் மூத்திரத்திலும் மாதக்கணக்கில் இருக்கும், பிள்ளைக்கு ஒன்றும் செய்யாது, கர்ப்பிணித் தாய்க்குத் தொற்றினால் உள்ளே இருப்பதற்குப் போகலாம் என்றாய். பிறகு, "அந்த ஊட்ல அப்ப சின்னப் புள்ள நான்தானுங்கப்பா. அம்மா என் தட்டுல மிச்சத்தத்தான சாப்புடுவாங்க. நானாத்தான் இருக்கோணும்" என்றாய்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்கிறேன். நீ அதைச் சொன்ன பிறகு ஓர் அரை நிமிஷம் உன்னை வெறுத்தேன். போனைக் கையில் வைத்துக்கொண்டே வெறுத்தேன். இருபது வருஷமாக வெறுத்துப் பழகிய மனசுக்கு உடனே ஓர் ஆள் வேண்டியிருந்தது, நீ வந்து முன்னால் நின்றாய். அப்புறம்தான் மூன்று வயதில் நீ இருந்த லட்சணம் நினைவுக்கு வந்தது. மோவாயில் எப்போதும் எச்சில் வடிந்துகொண்டிருக்கும். பருப்புச் சோற்றைப் பாதி தின்று பாதி துப்பி வைப்பாய், உன் அம்மா வீணாக்கக் கூடாது என்று அதை வழித்துத் தின்பாள். கண்ணு, எச்சில் வடித்ததற்காக ஒரு பிள்ளையைத் தண்டிக்க முடியாது. நாலு வருஷமாக நீ இதை மனசில் போட்டுப் புழுங்கிக்கொண்டிருந்தாய் என்றும், இந்த வேலையையே அதற்காகத்தான் தேடிப் போனாய் என்றும் அம்மா சொன்னாள். போதும், இறக்கி வை. கவிதாவிடம் நானே கை ஜாடையில் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் முழுவதையும் பார்த்துவிட்டு, அப்படியென்றால் அண்ணன் எனக்குப் பட்டுப்புடவை எடுத்துத் தர வேண்டும், நிறத்தை நான்தான் சொல்வேன் என்று ஜாடை காட்டிச் சிரித்தாள். காது போனது அவளுக்கு. அவளுக்கு யார் மேலும் கோபமில்லை. என் ரத்தம் அவளுக்குக் கொஞ்சமும் வரவில்லை.

உன்னை மன்னிக்க எனக்கு அரை நிமிஷம் ஆனது. அதற்குப் பிறகுதான் அந்த இன்னொரு பிள்ளை கண்ணில் வந்து நின்றாள். அவளுக்கும் ஐந்து வயதுதான். காய்ச்சலில் கண்ணைத் திறக்க முடியாமல், சொறியக் கூடாது என்று கையைக் கட்டிப் போட்டுக் கிடந்தாள். அவளுக்குச் சீர் செய்யாமல், கல்யாணத்துக்குப் போகாமல், அவள் பத்திரிகையை டேபிள் காலுக்கு வைத்தேன். என் பிள்ளைக்கு ஒரு நியாயம், அவளுக்கு ஒரு நியாயம். கம்பெனியில் துணியில் ஓட்டை விழுந்தால் நான் அப்படிச் செய்தவன் இல்லை. ஊசி உடைந்ததா, நூல் மோசமா, சாயப்பட்டறையில் பட்டதா என்று மூன்று இடத்துக்கும் போய்ப் பார்க்காமல் யாரையும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். பீகாரிலிருந்து நேற்று வந்த பையனுக்குக்கூட அந்த மரியாதை கொடுத்திருக்கிறேன். கூடப் பிறந்தவளுக்குக் கொடுக்கவில்லை.

இதுவரை சொன்னது உனக்குத் தெரிந்த கதை. நான் எப்போதும் விட்டுவிட்டுச் சொன்ன ஓர் இடம் அதில் இருக்கிறது. உன் அம்மாவுக்கும் அத்தைக்கும் எனக்கும் மட்டுமே தெரியும். அந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டவுடனே உன் அத்தை பையைத் தூக்கிவிட்டாள். அண்ணி மாசமாக இருக்கிறார்கள், இது அம்மையாக இருந்தால் நல்லதில்லை, இப்பவே தாராபுரம் பஸ் பிடித்துப் போய்விடுகிறேன் என்றாள். நான்தான் வாசலில் கையை நீட்டி மறித்தேன். ஆத்தா நம் வீடு தேடி வந்திருக்கிறாள், தலைக்கு மூன்று தண்ணீர் ஊற்றாமல் பிள்ளையை வெளியே எடுத்தால் ஆத்தாவை விரட்டிய மாதிரி, குடும்பத்துக்கு ஆகாது என்றேன். அவள் இரண்டு தடவை கெஞ்சினாள். நான் அவள் பையைப் பிடுங்கிப் பரணில் போட்டேன். ஒன்பது நாளும் அவர்களை அங்கே வைத்திருந்தவன் நான். அது உண்மையிலேயே கெடுதல் செய்யக்கூடிய அம்மையாக இருந்திருந்தாலும் பழி என் மேல்தான் விழ வேண்டும். அந்த இடத்தை வெட்டி எடுத்துவிட்டு மிச்சத்தை இருபது வருஷம் ஊரெல்லாம் சொன்னேன். அவள் ஒரு தடவைகூட யாரிடமும் திருத்திச் சொல்லவில்லை. உன் அம்மாவும் சொல்லவில்லை. என் கோபத்தைப் பார்த்துப் பயந்துவிட்டாள் என்று நினைக்கிறேன்.

இதைவிட மோசமான ஒன்று இருக்கிறது. பத்து வருஷத்துக்கு முன்னால் உன் மாமா, அத்தையின் புருஷன், பாம்பு கடித்துச் செத்துப்போனார். நீ அப்போது ஹாஸ்டலில் இருந்தாய், உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நம் பக்கத்தில் புருஷன் போன பெண்ணுக்குப் பிறந்த வீட்டிலிருந்து அண்ணனோ தம்பியோ புதுச்சேலை கொண்டு போய்க் கோடி போட வேண்டும். அவளுக்கு இருப்பது நான் ஒருவன்தான். ஆட்கள் வந்து சொல்லிவிட்டுப் போனார்கள். நான் துணிக்கடை வரைக்கும் போனேன். சேலையைக் கையில்கூட எடுத்தேன். பிறகு கவிதா அன்றைக்குக் காலையில் வாசலில் வந்த பஸ் ஹாரன் கேட்காமல் நடுரோட்டில் நின்றது நினைவுக்கு வந்தது. சேலையை வைத்துவிட்டுக் கம்பெனிக்குப் போய் வேலை பார்த்தேன். அங்கே பொழுது சாயும்வரை பொணத்தை எடுக்காமல் வைத்திருந்தார்களாம். பெண்களுக்கு நடுவில் அவள் ரோட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாளாம். கடைசியில் பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் அண்ணன் முறை சொல்லிக்கொண்டு கோடி போட்டார். என் கல்யாணத்தில் கூடப் பிறந்தவள் செய்கிற இணைச்சீருக்கு என்னோடு நின்று, என் துண்டின் நுனியைப் பிடித்துக்கொண்டிருந்த கை அவளுடையது. உன் கல்யாணத்தில் கவிதா உனக்குச் செய்யப்போகிறாளே, அதே சீர். அதைச் செய்த தங்கச்சியை நான் செத்த வீட்டில் அப்படி உட்கார வைத்தேன்.

போன புதன்கிழமை மூலனூர் போனேன். தட்டில் பத்திரிகை, வெற்றிலை பாக்கு, பழம் எல்லாம் வைத்துக்கொண்டு போனேன். வாசலில் முருங்கைக்காயைப் பரப்பிக் கட்டுக் கட்டிக்கொண்டிருந்தாள், மறுநாள் சந்தைக்கு. முடி முழுக்க நரைத்துவிட்டது. என்னைப் பார்த்து எழுந்து, "வாங்க, உக்காருங்க" என்றாள். வரி வசூலிக்க வந்தவனைக் கூப்பிடுகிற மரியாதை. அண்ணா என்ற சொல் அதில் இல்லை. சொம்பில் தண்ணீர் கொடுத்தாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். உன் வேலை, கினிப்பன்றி, அம்மாவின் தாடைத் தழும்பு, நீ வடித்த எச்சில், ஒன்றும் விடவில்லை. அன்றைக்கு வாசலில் மறித்தது நான்தான் என்று ஊரில் எல்லோரிடமும் சொல்கிறேன் என்றும் சொன்னேன். அவள் காய்களை நீளம் பார்த்து அடுக்கிக்கொண்டே கேட்டாள். கவிதா என்ன வேலை பார்க்கிறாள் என்று மட்டும் நடுவில் கேட்டாள். கம்ப்யூட்டரில் பனியன் பேட்டர்ன் போடுகிறாள் என்றேன்.

நான் முடித்த பிறகு ஒரு கட்டைக் கட்டி முடித்துவிட்டுத் தலையைத் தூக்கினாள்.

"எம்புள்ள மேல தப்பு இல்லீன்னு தெரிஞ்சதால வந்திருக்கீங்க. தப்பு இருந்திருந்தா வந்திருப்பீங்ளா?"

நான் தட்டில் சரிந்த பாக்கை எடுத்து வைத்தேன்.

"அஞ்சு வயசுப் புள்ளைக்குப் போட்ட அம்மை நெசமாவே அந்தப் புள்ள காதக் கெடுத்திருந்தா, நான் சாகற வரைக்கும் இந்த வாசல மிதிச்சிருக்க மாட்டீங்க. அப்படித்தானுங்களே?"

ஆமாம் என்றேன். பொய் சொல்லியிருக்கலாம். அவளிடம் இனி ஒரு பொய்கூடச் சொல்ல எனக்கு உரிமையில்லை என்று தோன்றியது.

"அப்படீன்னா இப்பவும் நீங்க எனக்காக வரலீங்க. பையனும் பொண்ணும் நல்லா இருக்கோணும். நான் வரமாட்டனுங்க." தட்டிலிருந்து பத்திரிகையை மட்டும் எடுத்துக்கொண்டு, வெற்றிலை பாக்கையும் பழத்தையும் தட்டோடு என் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள். மத்தியான வெயிலில் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அந்தத் தட்டைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். வழியில் யாரோ, என்னங்க, வீட்ல ஆள் இல்லீங்களா என்று கேட்டார்கள். ஆள் இருக்கிறது என்றேன்.

இதைப் படித்தவுடன் உனக்கு என்ன தோன்றும் என்று எனக்குத் தெரியும். நீயும் நீ கட்டிக்கொள்ளப் போகிற பெண்ணும் போய் அத்தை காலில் விழுந்து அழைத்துவரலாம் என்று நினைப்பாய். போக வேண்டும் என்றால் கல்யாணம் முடிந்து ஒரு மருமகனாகப் போய் அவள் கையால் ஒரு வாய் சாப்பிட்டு வா. அப்பா திருந்திவிட்டார் என்று சொல்லாதே, விஞ்ஞானம் பேசாதே, அவளைச் சமாதானப்படுத்தாதே. என்னுடைய பகை பொய்ச் சரக்கு என்று நீ நிரூபித்துவிட்டாய். அவளுடையது அப்படி இல்லை. அவள் கோபத்தில் ஒரு நூல்கூடப் பிசகில்லை. பகை என்றால் என்ன என்று தெரிந்தவன் நான், என்னை நம்பு. அதில் யாரும் கை வைக்கக் கூடாது, நீயும் உன் நல்ல மனசும் உட்பட.

உனக்குப் பகை வேண்டும் என்றால் அந்த வைரஸ் இருக்கிறது. அதை விடாதே. குட்டிகளைக் கொன்று பார்க்க வேண்டியிருக்கிறது, சில நாள் சோறு இறங்குவதில்லை, விட்டுவிடலாமா என்று அம்மாவிடம் கேட்டிருக்கிறாய். விடாதே. அவற்றை வலிக்காமல் அனுப்பு, ஒன்றைக்கூட வீணாக்காதே, அந்த உப்புத் தண்ணீர் வரிசையை எந்த நாளும் குறைக்காதே. என் மகளின் காதை அது ஒரு சத்தமும் இல்லாமல் எடுத்துக்கொண்டு போனது. இன்னொரு வீட்டில் அது நுழையாதபடி நீ ஒரு வழி கண்டுபிடித்தால், நான் இருந்தாலும் செத்தாலும் எனக்குத் தெரியும்படி சொல். நாளைக்கு உனக்கு ஒரு பிள்ளை நடக்கும்போது இன்னொன்று உன் மனைவியின் வயிற்றில் இருந்தால், முதல் பிள்ளையின் மிச்சச் சோற்றை நீ தின்று தீர். அவளைத் தின்ன விடாதே. அவள் கேட்கமாட்டாள், பிடுங்கித் தின்.

இப்போது வாழ்த்து. நீயும் அவளும் நீண்ட நாள் நன்றாக இருங்கள். சண்டை வந்தால் அன்றைக்கே கத்தித் தீர்த்துவிடுங்கள், என்னைப் போல ஊறப் போடாதீர்கள். பத்திரிகை அச்சாகி வந்துவிட்டது. அத்தை பெயர் கவிதா பெயருக்கு மேல் இருக்கிறது. மண்டபத்தில் வருகிறவர்களெல்லாம் அத்தை எங்கே என்று கேட்பார்கள். உடம்பு சரியில்லை என்று சொல்லிவிடலாம் என்று உன் அம்மா சொல்கிறாள். நான் அதைச் சொல்லப்போவதில்லை. கேட்கிற ஒவ்வொருவரிடமும், சம்பந்தி வீட்டார் உட்பட, செத்த வீட்டில் கோடி போடாத அண்ணன் நான், அதனால் என் தங்கச்சி வரவில்லை என்று சந்தனக் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்று சொல்லப்போகிறேன். உனக்கு அவமானமாக இருக்கும். மன்னித்துக்கொள், தடுக்காதே. அவளுக்கு நான் செய்ய மிச்சமிருக்கிற சீர் அது ஒன்றுதான்.

அப்பா